திருவையாறு... ரெக்கார்டிங் ஸ்டார்ட்!

ஒரு சின்ன டெஸ்ட், மக்களே. உங்க மொபைலை எடுங்க. போன வருஷ கல்ச்சுரல்ஸ்ல எடுத்த பாட்டு வீடியோ ஏதாவது ஒண்ணை ஓட விட்டு, கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. டிரம்ஸ் விழும்போதெல்லாம் பாடுற குரல் அமுங்கிப் போகும். டிரம்ஸ் நின்னதும் பின்வரிசைப் பேச்சு, விசில், ஃபேன் சத்தம் எல்லாம் 'உஸ்ஸ்'னு மேலே எழும்பி வரும். பாடின பொண்ணு மேல தப்பில்லை. நாம் பேசுவதைத் தெளிவாகப் பிடிப்பதுதான் மொபைலின் வேலை. பெரிய சத்தம் வந்தால் அதுவாகவே அமுக்கும், சின்ன சத்தம் வந்தால் அதுவாகவே தூக்கிவிடும். சங்கீதத்தில் ஏற்ற இறக்கம்தானே விஷயமே? அதைத்தான் மொபைல் முதலில் இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிடுகிறது.

அதனால் இந்த முறை மொபைலை பாக்கெட்டிலேயே விடுங்க. உள்ளங்கை அளவு ரெக்கார்டர் ஒண்ணு, தனி மைக் ஒண்ணு, நல்ல ஹெட்போன் ஒண்ணு. மூணையும் பையில் போட்டுக்கிட்டு திருவையாறு கிளம்பலாம்.

"கர்னாடக சங்கீதமா? ஆளை விடுங்க பாஸ்"ன்னு பக்கத்தைத் திருப்பாதீங்க. உங்க பிளேலிஸ்ட்டில் ராஜாவும் ரஹ்மானும் மட்டுமே இருந்தாலும் பரவாயில்லை. இது ராகம் கண்டுபிடிக்கிற போட்டி இல்லை. காதைக் கூட்டிக்கிட்டு ஒரு ஊரைச் சுத்திப் பார்க்கிற டூர்.

ஏன் குறிப்பா திருவையாறு? ஒரு கணக்கு சொல்றேன். தியாகராஜர் இந்த ஊரில் மறைந்தது 1847-ல். எடிசன் போனோகிராஃபைக் கண்டுபிடித்தது 1877-ல். நடுவில் முப்பதே வருஷம். அந்த முப்பது வருஷத்தால் அவருடைய குரல் எப்படி இருந்தது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவர் பாட்டுகள் சிஷ்யர்கள் வாய்வழியாக நமக்கு வந்தவை. வாலாஜாப்பேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று மூன்று சிஷ்ய பரம்பரைகளைச் சொல்வார்கள். ஒரே பாட்டை மூன்றும் ஒரே மாதிரி பாடுவதில்லை. இங்கே ஒரு சங்கதி கூட இருக்கும், அங்கே ஒரு வரி வேறு மாதிரி வளையும். எது ஒரிஜினல்? தீர்ப்பு சொல்ல டேப் இல்லையே! நம் கையில் இருப்பது ஒரு பாட்டின் மூன்று ஞாபகங்கள்.

அப்படிப்பட்ட ஊருக்கு ரெக்கார்டரோடு போவதில் ஒரு தனி கிக் இருக்கா, இல்லையா?

பையில் என்ன இருக்கணும்?

முதல்ல, காசு செலவு பண்ணாதீங்க. உங்க காலேஜில் விஸ்காம் டிபார்ட்மென்ட் இருந்தால் அங்கே பீரோவுக்குள் ஒரு ரெக்கார்டர் தூசி படிந்து கிடக்க வாய்ப்பு உண்டு. லேப் அசிஸ்டென்ட் அண்ணனை நட்பாக்கிக்குங்க. (டீ, வடை செலவு உங்களுடையது.) ஜூம், டாஸ்கம், சோனி என்று எந்த கம்பெனி பெட்டியாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். மேலே இரண்டு சின்ன மைக், நடுவில் ஒரு திரை, உள்ளே ஒரு மெமரி கார்டு. கீழே தனி மைக் செருகும் துளை.

மேலேயே மைக் இருக்கும்போது எதுக்குத் தனி மைக்? நியாயமான கேள்வி. பெட்டியைக் கையில் பிடித்தால் உங்க விரல் நகர்வதுகூட 'கரக் கரக்'னு பதிவாகும். அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. பெட்டி நல்லா இருக்கிற இடம் உங்க மடி. மைக் நல்லா இருக்கிற இடம் முன்வரிசைத் தலைகளுக்கு மேலே. ரெண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. தனி மைக் இருந்தால் அதை ஒரு ஸ்டாண்டில் உயரத்தில் நிறுத்திவிட்டு, ஒயரை இறக்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அளவைப் பார்த்துக்கொள்ளலாம். கண்டென்சர் மைக் என்றால் பெட்டியில் இருந்து 48 வோல்ட் போகணும், மெனுவில் அதை ஆன் பண்ணுங்க. பேட்டரியை அது டபுள் வேகத்தில் குடிக்கும் என்பதால் ஸ்பேர் செட் கட்டாயம். மைக்குக்கு மாட்டுகிற பஞ்சுத் தொப்பி, முடி வைத்த தொப்பி ரெண்டையும் மறக்காதீங்க. காவிரிக் கரைக் காற்றுக்கு முன்னால் பஞ்சுத் தொப்பி ஜுஜுபி.

செட்டிங்ஸ் பத்தி அதிகம் மண்டையை உடைச்சுக்க வேண்டாம். எம்பி3 வேண்டாம், வேவ் ஃபைல். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஒரு மணி நேர ஸ்டீரியோவுக்கு ஒரு ஜிபி சொச்சம் ஆகும், 32 ஜிபி கார்டு இருந்தால் முப்பது மணி நேரம் தாங்கும். 'ஆட்டோ லெவல்' என்று எது இருந்தாலும் ஆஃப். அதுதான் நாம் மொபைலில் பார்த்த அந்த இஸ்திரிப் பெட்டி. கச்சேரியின் உச்ச சத்தம் மீட்டரில் மைனஸ் 12-ஐத் தொட்டால் போதும். இப்போ வருகிற 32 பிட் ஃப்ளோட் பெட்டிகளில் அளவைப் பத்திக் கவலையே வேண்டாம், அப்புறமா ஏத்திக்கலாம், இறக்கிக்கலாம் என்பார்கள். உண்மைதான். ஆனா மைக்கே தாங்காத சத்தத்தையும், மைக்கில் நேரா மோதுகிற காற்றையும் அந்தப் பெட்டியாலும் காப்பாத்த முடியாது.

அஞ்சு பாலம்

தஞ்சாவூரில் இருந்து திருவையாறு சுமார் 12 கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிச்சு, ஹெட்போனை மாட்டி, ரெக்கார்டரை ஆன் பண்ணி, கண்ணை மூடிக்குங்க. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக அஞ்சு ஆறு வரும். எண்ணணும், காதாலேயே. ரெண்டு பக்கமும் வீடும் மரமும் இருக்கும்போது பஸ்ஸின் உறுமல் அதில் மோதித் திரும்பி வரும். பாலத்தில் ஏறினதும் மோத எதுவும் இல்லை. சட்டென்று யாரோ கதவைத் திறந்து விட்ட மாதிரி சத்தம் வெளியே ஓடிப் போகும். அஞ்சாவது தடவை அப்படி ஆகும்போது எழுந்து பையை எடுத்தால் சரியா இருக்கும். ஒரு ரெக்கார்டிங் ஆள் கத்துக்கவேண்டிய முதல் பாடமே இதுதான். மைக் பிடிப்பது கருவியின் சத்தத்தை மட்டும் இல்லை, அந்த இடம் திருப்பிக் கொடுக்கும் சத்தத்தையும் சேர்த்துத்தான்.

ரெண்டாவது பாடம் ஐயாறப்பர் கோயிலில். பிரகாரத்தின் தென்மேற்கு மூலையில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் ஏழு தடவை எதிரொலிக்கும் என்பார்கள். யாராவது ஒரு குட்டிப் பையன் கத்திக்கொண்டுதான் இருப்பான், நீங்க கேட்டால் போதும். விஷயம் சிம்பிள். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் ஓடும். சுவர் 17 மீட்டர் தள்ளி இருந்தால் போய்த் திரும்ப விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அவ்வளவு இடைவெளி இருந்தால்தான் காது அதை 'இன்னொரு குரல்' என்று தனியாக எண்ணும். அதைவிடப் பக்கத்துச் சுவர் என்றால் எதிரொலியாகக் கேட்காது, குரலோடு ஒட்டிக்கொண்டு கார்வையாகிவிடும். இதைப் புரிஞ்சுக்கிட்டா எந்த ஹாலுக்குள் நுழைந்தாலும் ஒரு கைதட்டுத் தட்டிப் பார்த்தே மைக்கை எவ்வளவு பக்கத்தில் வைக்கணும்னு சொல்லிடுவீங்க. கார்வை அதிகமா? கிட்டே போங்க. ரொம்ப வறட்சியா இருக்கா? தள்ளி வாங்க.

இங்கே மட்டும் ரெக்கார்டரை வெளியே எடுக்காதீங்க. தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை போடச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உங்க பெட்டி செல்போன் இல்லை என்று காவலரிடம் விவாதம் பண்ணி ஜெயிக்கிற நேரத்தில் நாலு தடவை பிரகாரம் சுத்தலாம். அனுமதி வேணும்னா கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்க. கிடைக்கலையா, காது இருக்கு.

பகுள பஞ்சமி காலை

ஆராதனை நடப்பது புஷ்ய பகுள பஞ்சமி அன்று. பெரும்பாலும் ஜனவரி, சில வருஷம் பிப்ரவரியில் வரும். காலண்டரைப் பார்த்துக்கிட்டு கிளம்புங்க. அதை ஒட்டிச் சில நாட்கள் காவிரிக் கரைப் பந்தலில் காலை முதல் ராத்திரி வரை கச்சேரி. டிக்கெட் கிடையாது. மண்ணில் விரித்த பாயில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

அன்னிக்குக் காலையில் திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வீட்டில் இருந்து உஞ்சவிருத்தி பஜனை கிளம்பி, வீதி வழியாக சமாதிக்கு வரும். பனி இறங்கும் நேரம், மைக்கைத் துணியில் சுற்றி வையுங்கள். அப்புறம் நாகஸ்வரம். அப்புறம் பஞ்சரத்னம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்தில் ஐந்து பெரிய பாட்டுகளை நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து ஒரே குரலாகப் பாடுவார்கள்.

இந்தக் கூட்டத்தில் பெண்கள் இருக்கிறார்களே, அது சும்மா வந்த சமாசாரம் இல்லை. ஒரு காலத்தில் இங்கே பெண்கள் பாட அனுமதி கிடையாது. 1920-களில் தன் சொந்தக் காசைப் போட்டு இந்த சமாதிக்குக் கோயில் கட்டினவரே ஒரு பெண்தான், பெங்களூர் நாகரத்னம்மாள். தான் கட்டின இடத்தில் தானே பாட முடியாதா என்று எதிர்த்து, பெண்களுக்கென்று தனியாகவே ஆராதனை நடத்திக் காட்டினார். 1940-களில்தான் பிரிந்து கிடந்த கோஷ்டிகள் ஒன்றாகி, இப்போ நாம் பார்க்கிற மாதிரி எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கம் வந்தது. அவர் 1952-ல் மறைந்தார். அவருடைய நினைவிடமும் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு நிமிஷம் நின்னுட்டு வாங்க. அவர் பாடின கிராமபோன் ரெக்கார்டுகள் இருப்பதால் அவர் குரல் மட்டும் தப்பித்தது.

சரி, மைக்கை எங்கே வைப்பது? பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் இடம் காலியா இருக்கேன்னு ஓடாதீங்க. அங்கே கிடைப்பது ஸ்பீக்கரின் சத்தம், ரெண்டு காதிலும் ஒரே மாதிரி, தகரம் தட்டின மாதிரி. அந்தச் சத்தத்தை ஆகாஷ்வாணியும் தூர்தர்ஷனும் மிக்ஸரில் இருந்தே நேரா எடுத்து, உங்களைவிடப் பல மடங்கு சுத்தமாக ஒலிபரப்புவார்கள். அவர்களோடு போட்டி போட்டு என்ன பண்ணப் போறோம்? நான் சொல்றது, ரெண்டு ஸ்பீக்கருக்கும் தள்ளி, பாடுகிறவர்களின் நேர்க்குரல் வந்து சேருகிற இடம். தூரம் டபுள் ஆனால் சத்தம் 6 டெசிபல் குறையும் என்பது திறந்தவெளிக் கணக்கு. ஸ்பீக்கரில் இருந்து நாலு எட்டு விலகினால்கூட வித்தியாசம் தெரியும்.

இன்னொண்ணு. உங்க பக்கத்தில் ஒரு மாமி உட்காருவார். நிச்சயம் உட்காருவார். அவரும் சேர்ந்து பாடுவார். ஆரபியில் கொஞ்சம் முன்னால ஓடுவார், வராளியில் கொஞ்சம் இறங்கிப் போவார். திரும்பிப் பார்த்து முறைக்காதீங்க, ப்ளீஸ். டிவி ஒலிபரப்பில் அந்த மாமி கிடையாது. அந்தப் பந்தலில் இருப்பவர்களுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம், ஆளாளுக்குத் தொடையில் தாளம், பின்னால ஒரு குழந்தை அழும், காக்கா கத்தும். உங்க ரெக்கார்டிங்கில் மட்டும்தான் அது எல்லாம் இருக்கும். 'சுத்தமா' எடுக்கணும்னு ஆசைப்பட்டு அதைத் தொலைக்கிறதுக்கு திருவையாறு வரைக்கும் வரவே வேண்டாம் என்பது என் கட்சி.

பஞ்சரத்னம் முடிஞ்சதும் கூட்டம் கலையும். அசோகா சாப்பிடுகிற நேரம். (பாசிப்பருப்பு, கோதுமை மாவு, சர்க்கரை, நெய்யில் செய்கிற இந்த ஊர் ஸ்பெஷல். வாழை இலைத் துண்டில் சுடச்சுட வாங்கிச் சாப்பிட்டுட்டு, கையைக் கழுவிட்டு மட்டும் ரெக்கார்டரைத் தொடுங்க, நெய்க்கை பட்டா பட்டன் எல்லாம் கோவிந்தா!)

சாப்பிட்டுட்டு திரும்பி வாங்க. முக்கியமான ரெக்கார்டிங்கே இனிமேல்தான். மத்தியானம் பந்தல் பாதி காலி. மேடையில் யாரோ ஒருவர், உங்க வயசுதான் இருக்கும், எங்கேயோ இருந்து ராத்திரி ரயில் பிடிச்சு வந்து ஒரே ஒரு பாட்டு பாடுவார். சில நிமிஷம்தான் ஒதுக்கியிருப்பார்கள். பெரிய பேர்களுக்கு இருந்த கேமராக்கள் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருக்கும். அந்தப் பாட்டின் ஒரே நல்ல காப்பி உங்க பெட்டியில் இருக்கப் போகுது. கீழே இறங்கினதும் போய்ப் பேசுங்க. "நல்லா இருந்துச்சுங்க, ரெக்கார்ட் பண்ணியிருக்கேன், அனுப்பவா?" என்று கேட்டுப் பாருங்க. அந்த முகம் மலருவதைப் பார்க்கணும்!

ஏழூர் நடை

இதுவரைக்கும் உட்கார்ந்துக்கிட்டே எடுத்தோம். காலில் தெம்பு இருந்தா சித்திரையில் மறுபடி வாங்க. ஏழூர்த் திருவிழா. சப்தஸ்தானம் என்றும் சொல்வார்கள். நந்திக்குத் திருமழபாடியில் கல்யாணம் ஆச்சாம். கல்யாணத்துக்குப் பழம் கொடுத்தது திருப்பழனம், சாப்பாடு திருச்சோற்றுத்துறை, வேதம் ஓதுகிறவர்கள் திருவேதிக்குடி, பூ திருப்பூந்துருத்தி, நெய் தில்லைஸ்தானம். அப்படி சீர் செய்த ஊர்களுக்கு நன்றி சொல்ல ஐயாறப்பர் பல்லக்கில் கிளம்புகிறார். திருக்கண்டியூரையும் சேர்த்துக்குங்க, திருவையாற்றோடு மொத்தம் ஏழு. ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர்ப் பல்லக்கு சேர்ந்துகொள்ளும். வயல், தெரு, கோடையில் மணல் தெரியும் ஆறு என்று ராத்திரியும் பகலுமாக நடை. கூடவே ஜனங்களும், நாகஸ்வரமும் தவிலும்.

இங்கேதான் என் நெஞ்சு கொஞ்சம் அடிச்சுக்கும். மேடை நாகஸ்வரம் இன்டர்நெட்டில் ஏகத்துக்கும் கிடைக்கிறது. ஆனால் நாகஸ்வரம் மேடைக்காகப் பிறந்ததா? சுவாமி கோயிலை விட்டுப் புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி, விடியலில் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று நேரமும் இடமும் பார்த்து வாசிக்கும் கருவி அது. தோளில் பல்லக்கு சுமப்பவர்களின் நடைக்கும் மல்லாரியின் நடைக்கும் ஒரு பேச்சுவார்த்தை நடக்கும் பாருங்க, ஏசி ஹாலில் அதுக்கு எங்கே போக? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் தோடி வாசிப்பார் என்பார்கள். கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு, நாலு நிமிஷம்தான் இடம். நமக்குக் கிடைத்தது அந்தச் சின்னத் துண்டுகள். இன்றைக்கு ஏதோ ஒரு கிராமத்துக் கோயில் வாசலில், தாத்தாகிட்ட கத்துக்கிட்ட ஒரு பழைய மல்லாரியை ஒருத்தர் வாசிச்சுக்கிட்டிருப்பார். அவருக்கு அப்புறம் அது? நம்ம கையில் முப்பது மணி நேரத்துக்கு இடம் இருக்கு. இடம் இல்லை என்ற சாக்கு இனி செல்லாது.

டெக்னிக்கல் விஷயத்துக்கு வருவோம். நாகஸ்வரத்தின் கீழே 'அணசு' என்று ஒரு புனல் இருக்கும். சத்தம் அங்கே இருந்து நேராகப் பாயும். வித்வான் அசைந்து அசைந்து வாசிப்பதால் அணசும் அசையும். கிட்டே போய் மைக்கை நீட்டினால் ஒவ்வொரு அசைவுக்கும் சத்தம் ஏறி இறங்கும். மூணு, நாலு மீட்டர் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். தவில் அடிக்கும் ஆளுக்கு ஒரு கையில் குச்சி, இன்னொரு கையில் விரல் கூடு. ரெண்டு பக்கமும் இடிதான், அது எப்படியும் உங்க மைக்கைத் தேடி வரும். அதனால் நீங்க நாகஸ்வரத்தின் பக்கமே சாய்ந்து நில்லுங்கள். வாசிக்க ஆரம்பிச்ச அப்புறம் அளவை சரி பண்ணிக்கலாம் என்பது வேலைக்கு ஆகாது. தவில் ஒரே அடியில் மீட்டரை சிவப்பாக்கிவிடும். முன்னாடியே குறைச்சு வையுங்க. மெலிசா பதிவானதை அப்புறம் தூக்கிடலாம், வெடிச்சதை ஒட்ட வைக்க முடியாது. நடக்கும்போது மைக்கை ஒரு குச்சியில் கட்டி, ஒயரைக் கையில் ஒரு சுற்று சுற்றிப் பிடிச்சா உங்க காலடி அதிர்ச்சி குறையும். ரப்பர் செருப்பு போடாதீங்க, சளக் சளக்னு அதுவே பக்கவாத்தியம் ஆயிடும். ஆத்து மணலில் வெறுங்காலோடு நடங்க, அப்போ மைக்கில் கேட்கும் அமைதி இருக்கே, அதை எழுதத் தெரியலை.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு வேலை. "ஐயா, நீங்க வாசிக்கிறதைப் பதிவு பண்ணிக்கட்டுமா?" என்று வித்வானிடம் கேட்கணும். "யூடியூப்ல போடுவியா தம்பி?" என்று திருப்பிக் கேட்டால் உண்மையைச் சொல்லணும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1957 காப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் கொண்டுவந்த திருத்தத்தில் இருந்து வாசிக்கிறவருக்கும் தன் வாசிப்பின் மேல் தனி உரிமை உண்டு. உங்க சொந்த உபயோகத்துக்கோ, படிப்பு, ஆராய்ச்சிக்கோ பதிவு பண்ணலாம். அவர் சம்மதம் இல்லாமல் ஊருக்கே போட்டுக் காட்டுவது வேற கதை. அவருடைய பிழைப்பு அது. 'ரெக்கார்டிங் கூடாது' என்று போர்டு வைத்த சபாவில் பைக்குள் மைக்கை ஒளித்து எடுக்கிற சாகசம் எல்லாம் நமக்கு வேண்டாம்.

கேட்டு வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கணும் என்பதும் இதில் சேர்த்தி. 1938-ல் ஆர்னால்ட் பாக்கே என்ற டச்சுக்காரர் தென்னிந்தியாவில் சுற்றி, பாட்டும் கூத்துமாக நிறைய பதிவு பண்ணிக்கொண்டு போனார். 46 வருஷம் கழித்து, 1984-ல் நசீர் ஜைராஸ்பாய், ஏமி கேட்லின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பதிவுகளைத் தூக்கிக்கொண்டு அதே இடங்களைத் தேடித் தேடிப் போனார்கள். சில கலைகள் மாறியிருந்தன, சில காணாமலே போயிருந்தன. தாத்தாக்கள் பாடினதைப் பேரன்கள் கேட்க 46 வருஷம்! உங்களுக்கு 46 நிமிஷம் போதும். கையில் வாட்ஸ்அப் இருக்கு. ஆனா சும்மா ஆடியோவா தட்டிவிட்டா அது நசுக்கி அனுப்பிடலாம், 'டாக்குமென்ட்'டா அனுப்புங்க.

அனுப்புவதற்கு அது யாருடையதுன்னு உங்களுக்கே தெரியணுமே! ராத்திரி லாட்ஜில் கார்டைத் திறந்தால் வரிசையா நம்பர் போட்ட நாற்பது ஃபைல் இருக்கும். அதனால் ஒவ்வொரு ரெக்கார்டிங் தொடங்கும்போதும் மைக்கில் நீங்களே பேசிடுங்க. தேதி, ஊர், தெரு, வாசிக்கிறவர் பேர், அவர் குரு பேர், என்ன வாசிக்கப் போறார். பத்து செகண்டு வேலை. ராகம் தெரியலையா, அவரையே சொல்லச் சொல்லுங்க. தன் பேரையும் குரு பேரையும் அவர் குரலில் சொல்வதும் சேர்ந்தே பதிவாகட்டும்.

கடைசியில் ஏழு பல்லக்கும் திருவையாற்றில் ஒன்று சேரும். பொம்மை பூப்போடும் நிகழ்ச்சி நடக்கும். ஒரு பொம்மை வந்து ஒவ்வொரு பல்லக்குக்கும் பூப்போடும். கால் கெஞ்சும், கண் சொருகும், பேட்டரி ஒரு கோட்டில் நிற்கும். அங்கே ஒரு செட் புது பேட்டரி போடுங்க. பொம்மை அசையும்போது கூட்டம் மொத்தமும் ஒரே மூச்சாகக் குரல் கொடுக்கும், அளவை இன்னும் ரெண்டு புள்ளி இறக்கி வையுங்க. பூ விழுந்ததும் உடனே ஸ்டாப் பட்டனை அமுக்காதீங்க. கூட்டம் கலைகிற சத்தம், பல்லக்கை இறக்கிவைத்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடுவது, தவிலை உறைக்குள் போடும் சத்தம் வரைக்கும் ஓடட்டும்.

அப்புறம் லேப்டாப்பில் ஒண்ணு, பென்டிரைவில் ஒண்ணு என்று ரெண்டு காப்பி. அந்த மல்லாரி வித்வானுக்கு அனுப்பிட்டுத் தூங்குங்க.